வீட்டோடு வருகிறேன் என்றார் ஒத்திலியா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் ஒரு வீட்டுக்குள் இருந்தேன். வீடு கடலில் இருந்தது.

படகு வீடு என்று நினைத்துவிடாதீர்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, மாடியில் ஒரு பரண், சமையலறையில் இரும்பு அடுப்பு என்று சாதாரண வீடுதான். எங்கள் சிலோயே தீவுகளில் வீடுகள் அவ்வப்போது இடம் மாறும். ஊர் கூடும், மாடு பூட்டும், கயிறு கட்டி இழுக்கும். நடுவில் கடல் வந்தால் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டுப் படகால் இழுக்கும். இதற்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது. வயிறு நிறையச் சாப்பாடும், ஆப்பிளைப் புளிக்க வைத்த சிச்சா என்கிற மதுவும் உண்டு.

நான் கயிறு இழுக்க லாயக்கில்லாதவன் என்பது ஊருக்கே தெரியும். அதனால் கையில் ஒரு வாளியைக் கொடுத்து வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். தரை இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தால் அள்ளி வெளியே ஊற்ற வேண்டும். பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு அது புதிய வேலை இல்லை. வாராவாரம் செய்வதுதான்.

2

எப்படி ஆரம்பிப்பது?

'அதிகாலைப் பனியில் அந்த வீடு மெல்ல அசைந்…' அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் பனி இல்லாத காலையே கிடையாது. வாசகர் கொட்டாவி விடுவார்.

'பண்பாட்டுச் சின்னங்களைப் பாதுகாப்பது மனித குலத்தின் தலையாய…' பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்: "இது கதையா, மந்திரி பேச்சா?" அதையும் அடித்துவிட்டேன்.

'ஒத்திலியா கார்கமோவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் காதல் வந்தது.' இது நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் எழுதுவதை எல்லாம் முதலில் ஒத்திலியா அக்காவிடம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அக்கா மாவு பிசைந்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வயசு எதுக்குய்யா? மீனு விக்கிறியா, என்னைக்குப் புடிச்சதுன்னு சொல்றதுக்கு?"

ஆகவே: ஒத்திலியா கார்கமோவுக்குச் சரியான வயதில் காதல் வந்தது.

(இந்த வாக்கியம் அக்காவால் அனுமதிக்கப்பட்டது.)

3

காதல் வந்தது கடற்கால்வாயின் எதிர்க்கரையிலிருந்து. பால்தோவினோ. மனைவியை இழந்தவர். கியூமோ தீவில் வீடு, உருளைக்கிழங்குத் தோட்டம், நான்கைந்து பன்றிகள், சொந்தமாக ஒரு மோட்டார் படகு. அக்கா யாங்கோ கரையில் இருக்கும் தன் வீட்டு முன்னறையில் சின்ன சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பால்தோவினோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படகில் வந்து மீன் சூப் குடிப்பார். அவர் வீட்டுப் பக்கமும் மீன் உண்டு, சூப்பும் உண்டு. ஊர் கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு ஞாயிறு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டே விட்டார்.

"ஒத்திலியா, பேசாம எங்க வீட்டுக்கு வந்துடேன்."

"என் வீட்ட விட்டா? நீ வாய்யா இங்க."

"தோட்டத்த யாரு பாக்குறது? பன்னிங்கள யாரு பாக்குறது?"

"அப்ப நானே வாரேன். வீட்டோட வாரேன்."

பால்தோவினோ ஒரு நிமிடம் யோசித்தாராம். காதலைப் பற்றி இல்லை, இடத்தைப் பற்றி.

"மேட்டுல ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்துல எடம் கெடக்கு. ஆனா அங்க ஏற்கெனவே என் வீடு ஒண்ணு நிக்குதே, அத என்ன பண்றது?"

"பன்னிங்களுக்குக் குடு."

இப்படியாக நிச்சயதார்த்தம் முடிந்தது. அக்காவுக்கு ஒரே நிபந்தனை. கல்யாணம் அவர் வீட்டு முன்னறையில் நடக்க வேண்டும். வீடு கியூமோ மண்ணில் காலூன்றி நிற்க வேண்டும். "ஒன் கூரைக்குக் கீழ வாடகைக்கு வந்தவ மாதிரி நின்னு மோதிரம் மாத்த மாட்டேன்."

4

இங்கே ஒரு கட்டுரையாளன் உள்ளே நுழைகிறான். மன்னியுங்கள், சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன்.

உலகத்தில் பாதுகாக்கப்படுகிற சின்னங்களில் பெரும்பாலானவை கல். கோட்டை, கோபுரம், மதில், பாலம். கல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வைத்த இடத்தில் இருக்கும். அதனால் பாதுகாப்பு என்றாலே 'தொடாதே, நகர்த்தாதே' என்று உலகம் பழகிவிட்டது. ஆனால் எங்கள் வீடுகள் மரம். மரமாக இருப்பதற்கு முன்னால் அவை மக்களின் தோள். தோளை எப்படி வேலி போட்டு…

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன். கட்டுரையாளன் போய்விட்டான்.)

நிச்சயமான அதே மாதத்தில் தலைநகரிலிருந்து அக்காவுக்கு ஓர் ஆணை வந்தது. அவர் வீடு பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம். காரணம், மக்கள் கூடி இழுத்து மூன்று முறை இடம் மாற்றிய அபூர்வமான வீடு அது. ஆகவே இனிமேல் வீட்டை நின்ற இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. உள்ளே இருக்கும் சாமான்களையும் இருந்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது.

மறுபடி ஒரு தரம் படியுங்கள். நானும் படித்தேன். நகர்ந்ததற்காகப் பரிசு கொடுத்து, நகரக் கூடாது என்று கட்டிப் போட்டிருந்தார்கள்.

அக்கா விண்ணப்பம் போட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி போட்டார். அதே பதில், வேறு கையெழுத்தில். இதற்கிடையில் வருடத்தின் பெரிய ஓதம், கடல் மிக உயரமாக ஏறி வரும் நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்தில்தான் வீடு மிதக்கும். தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

"அடுத்த வருஷம்னா அவ மனசு மாறிடும்" என்றார் பால்தோவினோ.

"என் மனசு மாறாது. ஒன் முட்டிதான் மாறும், இப்பவே படி எறங்கையில ஒரு கையால செவுத்தப் புடிக்கிற" என்றார் அக்கா.

ஊர் கூடிப் பேசியது. இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த அந்தத் தவறு நடந்தது. பால்தோவினோ எழுந்து சொன்னார்:

"ஆணையில ரெண்டு விஷயம் இருக்கு. வீட்ட நகத்தக் கூடாது, சாமான நகத்தக் கூடாது. மொதலாவத மீறப் போறோம். ரெண்டாவதையாச்சும் மரியாதையா மதிப்போம். நாம என்ன ரவுடிங்களா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். வழக்கமாக மிங்காவுக்கு முன் வீட்டைக் காலி செய்துவிடுவோம். ஜன்னல் கண்ணாடியைக்கூடக் கழற்றிவிடுவோம். இந்த முறை ஒரு கரண்டியைக்கூட வெளியே எடுக்கவில்லை. இரும்பு அடுப்பு, அலமாரி, தையல் இயந்திரம், பரணில் உருளைக்கிழங்கு மூட்டைகள் எல்லாம் சட்டப்படி அதனதன் இடத்தில் இருந்தன. சட்டத்தை மீறுகிற நாளில் எங்களைப் போலச் சட்டத்தை மதித்தவர்கள் உலகத்தில் யாரும் இருக்க முடியாது.

5

இப்போது அதிகாரி வர வேண்டும். இந்தப் பாத்திரம்தான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

முதலில் குண்டாக, பெரிய மீசையோடு, உருட்டும் கண்களோடு எழுதினேன். தொடர்கதைக்கு வில்லன் வேண்டாமா? அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருய்யா இது? அந்தப் புள்ளைக்கு மீசையே மொளைக்கல. நாலு மில்காவ் தின்னுட்டு அஞ்சாவது கேக்கக் கூச்சப்பட்டுச்சு. ஒழுங்கா எழுது."

(மில்காவ் எங்கள் ஊர் உருளைக்கிழங்கு ரொட்டி. கூச்சப்படாமல் தின்பது மரியாதை.)

இரண்டாவது தடவை ஒல்லியாக, நடுங்குகிறவராக எழுதினேன். அதைப் படித்துவிட்டு அதிகாரியே தலைநகரிலிருந்து போன் செய்தார். "நடுங்கினது உண்மைதான் சார். ஆனா பயத்துல இல்ல, குளிர்ல. திருத்திடுங்க."

திருத்திவிட்டேன். ஃபாபியான் எச்செனிகே, இளைஞர், வெளிநாட்டில் பழைய கல் பாலங்களைப் பற்றிப் படித்தவர், குளிரில் நடுங்குகிறவர். அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்து, அறை அறையாகப் பார்த்துப் பாதுகாக்கச் சொல்லி எழுதியதே இவர்தான். பெரிய ஓதத்தன்று காலை, கதவில் பதிக்க ஒரு பித்தளைத் தகடோடு யாங்கோ வந்து இறங்கினார். அது தற்செயல். வேண்டுமென்றே அப்படி வைக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

அவர் வந்தபோது வீடு கடற்கரையில் இருந்தது. சுற்றிலும் பீப்பாய்கள். தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பால்தோவினோ படகில் மோட்டாரைக் கிளப்பியிருந்தார். ஃபாபியான் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து வீட்டுக்குள் ஏறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நான் உள்ள இருக்கேன்! ஆள் உள்ள இருக்கும்போது நீங்க இழுக்க முடியாது!"

பால்தோவினோ தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். "தாராளமா இருங்க சார். கதவ மட்டும் சாத்திக்குங்க, அலை அடிக்கும்."

வீடு புறப்பட்டது.

6

மிதக்கும் வீட்டுக்குள் மூன்று பேர். வீட்டை விட்டு இறங்க மறுத்த அக்கா, வீட்டை நிறுத்த வந்த ஃபாபியான், வாளியோடு நான். அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தால் உள்ளே இருப்பதை மாற்றியதாகிவிடும் என்று அக்கா அணைக்கவில்லை.

"உக்காருங்க தம்பி. டீ போடுறேன்."

"மேடம், இது சட்டவிரோதம்."

"சக்கரை எத்தன?"

"…ரெண்டு."

அவருடைய செல்போன் அடித்தது. மேலதிகாரி. ஃபாபியான் எழுந்து நின்று பேசினார்.

"ஆமா சார்… வீட்டுக்குத்தான் வந்திருக்கேன் சார்… உள்ளதான் இருக்கேன்… நல்ல நிலைமையில இருக்கு சார்… இல்ல, தகடு இன்னும் பதிக்கல… கொஞ்சம் ஆடுது சார்… இல்ல சார், நான் இல்ல, வீடு."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் சரிந்தார். "ஒரு பொய்கூடச் சொல்லல" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் போல.

அக்கா டீயை நீட்டினார். "ஒண்ணு கேக்குறேன் தம்பி. இந்த வீடு மூணு தடவ நகந்துச்சு, அதனாலதான ஒங்களுக்குப் புடிச்சுது?"

"ஆமா மேடம். அப்படி ஒரு வீட்ட நான் பார்த்ததே இல்ல."

"ஒரு பறவ அழகாப் பறக்குதுன்னு பாதுகாக்குறீங்க. சரி. அதுக்காக அது கால கெளையில வச்சு ஆணி அடிப்பீங்களா?"

ஃபாபியான் நல்ல பதில் ஒன்று சொன்னார். அதை அவருக்காக முழுசாக எழுதுகிறேன்.

"அப்படி இல்ல மேடம். நான் விட்டா அடுத்தவனும் கேப்பான். எல்லாரும் ஒத்திலியாவா இருக்க மாட்டாங்க. ஒருத்தன் வீட்ட இழுத்துட்டுப் போய் ஓட்டல்காரனுக்கு வித்துடுவான். உள்ள குளியல் தொட்டி வைப்பாங்க. எதாவது ஒரு எடத்துல கோடு போட்டுத்தானே ஆகணும்?"

அக்கா தன் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். (இந்தப் பத்தியை எழுதும் வரை நான் முழுக்க முழுக்க அக்கா கட்சி. இப்போது முக்கால்வாசி.)

அந்த நேரத்தில்தான் அலமாரியிலிருந்து ஒரு தட்டு தானாக நகர்ந்து விழுந்தது.

7

வீடு சாய்ந்துகொண்டிருந்தது. சமையலறைப் பக்கம் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. நான் அள்ளினேன். கடல் என்னைவிட வேகமாக உள்ளே ஊற்றியது.

பால்தோவினோ படகிலிருந்து அலறினார். "ஒத்திலியா! பாரம்! பாரம் ஜாஸ்தி!"

"ஒண்ணையும் எடுக்கக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன!"

"நான் எங்க சொன்னேன்? சட்டம் சொல்லுச்சு!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஃபாபியானைப் பார்த்தார்கள். அவர் முழங்கால் வரை நனைந்து, சாய்ந்த தரையில் ஒரு காலை மடக்கி நின்றார். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டு, அசைக்கக் கூடாது என்று எழுதியவர் அவர்தானே.

"எந்தக் கரை கிட்ட?" என்று கேட்டார்.

"பாதி தாண்டியாச்சு. கியூமோதான் கிட்ட" என்றேன்.

அவர் ஒரே ஒரு முறை திரும்பி யாங்கோவைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

"சின்னத்துக்கு ஆபத்துன்னா பக்கத்துல இருக்குற பாதுகாப்பான எடத்துக்குக் கொண்டுபோகணும். அது எங்க விதியிலயே இருக்கு. மொதல்ல அடுப்பு! நாலு பேரு வாங்க! தையல் மெஷின் ரெண்டாவது, அது கனம். தட்டெல்லாம் கடைசி, அதுக்குக் கனமே இல்ல!"

கூட வந்த துடுப்புப் படகுகள் எல்லாம் வீட்டை நெருங்கி ஒட்டிக்கொண்டன. கதவு வழியாக, ஜன்னல் வழியாகச் சாமான்கள் இறங்கின. உருளைக்கிழங்கு மூட்டை ஒரு படகில், அலமாரி மல்லாந்து இன்னொன்றில். இரும்பு அடுப்பை இறக்கியபோது அதில் நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. படகின் நடுவில் அது புகைவிட்டுக்கொண்டு உட்கார்ந்தது. மேலே கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. துடுப்புப் போட்டவர் ஒரு கையால் குளிர் காய்ந்துகொண்டே போட்டார். யாரோ அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீடு நிமிர்ந்தது. ஒரு வீடு முன்னால் போக, அதன் சமையலறை பின்னால் நீந்தி வந்தது. ஃபாபியான் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். பல்லெல்லாம் தந்தியடித்தது. (குளிர்.)

"அக்கா, இது மாதிரி ஒண்ணு…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அவரும் கட்டுரையாளர்தான். அக்கா என்று கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார்.

8

கியூமோ கரை. ஓதத்தின் உச்சத்தில் வீடு மணலில் தட்டி நின்றது. மாடுகள் ஜோடி ஜோடியாகக் காத்திருந்தன. மேட்டின் உச்சியில் ஆப்பிள் மரம். அதன் பக்கத்தில் குழி தோண்டி, சுட்ட கற்களின் மேல் சிப்பியும் கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி இலை போட்டு மூடியிருந்தார்கள். வாசனை கடற்கரை வரை வந்தது. மாடுகளும் எங்களைப் போலவே மூக்கை அந்தப் பக்கம் திருப்பியிருந்தன.

கயிறு கட்டியாயிற்று. மிங்காவில் ஒருவர் வாசற்படியில் நின்று குரல் கொடுக்க வேண்டும். அவர் சொல்லாமல் மாடும் நகராது, மனிதனும் நகர மாட்டான். சொன்ன பிறகு நடுவில் நிறுத்தவும் முடியாது. சரிவில் நின்றால் வீடு பின்னால் சறுக்கி மாடுகளையும் இழுத்துக்கொண்டு கடலுக்கே போய்விடும்.

யார் குரல் கொடுப்பது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார். அக்கா சுற்றிலும் பார்த்தார். பால்தோவினோ தொண்டையைக் கனைத்துத் தயாரானார்.

"தம்பி, நீங்க குடுங்க" என்றார் அக்கா, ஃபாபியானிடம்.

"நானா?"

"வீட்டக் காப்பாத்துனது நீங்கதான?"

ஃபாபியான் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "கடல்ல நடந்ததக் காப்பாத்துனதுன்னு சொல்லலாம் அக்கா. இங்க ஆபத்து இல்ல. இந்த மணல்ல நின்னா, அடுத்த பெரிய ஓதத்துல திருப்பிக் கொண்டுபோய் யாங்கோவுல வச்சுடலாம். என் வேலை அதுதான். இதுக்கு மேல போனா அது காப்பாத்துறது இல்ல, கூட்டிட்டுப் போறது."

"ஆமா தம்பி. கல்யாணம்னா அதுதான்."

அக்கார்டியன் நின்றது. ஃபாபியான் எச்செனிகே வாசற்படியில் நிமிர்ந்து நின்று மூச்சை உள்ளே இழுத்து, வாயைத் திறந்து

9

இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க மறந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வைக்க விடவில்லை.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் அவர் "நிறுத்துங்க" என்கிறார். அக்கா ஒரு வருடம் கடற்கரையில் குடியிருக்கிறார், வீடு மறுபடி யாங்கோவுக்கே போகிறது. இதைப் படித்ததும் பால்தோவினோ துள்ளிக் குதித்தார். "போகட்டுமே! நான் என் வீட்ட அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போறேன், பன்னிங்களோட. நல்ல வேள, என் வீட்ட யாரும் பாதுகாக்கல!"

இரண்டாவது முடிவில் அவர் "இழுங்க" என்கிறார். மேடு, ஆப்பிள் மரம், மோதிரம், குழி திறந்து ஆவி பறக்கும் சாப்பாடு. ஆசிரியருக்குப் பிடித்த முடிவு. கண்ணீர் வருமாம்.

மூன்றாவது ஃபாபியானே போனில் சொன்னது. "சார், மாடுங்க தானாக் கெளம்பிடுச்சுன்னு எழுதுங்களேன். யார் மேலயும் தப்பு வராது." எழுதிப் பார்த்தேன். மாட்டுக்காரர்கள் என் வீட்டு வாசலுக்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள். குரல் கொடுக்காமல் நகர்கிற மாடு எங்கள் தீவுகளில் கிடையாதாம். மானம் போகிற விஷயமாம்.

கடைசியில் மூன்றையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "நடந்தது நடந்தபடி எழுதிடவா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"'நிறுத்து'ன்னு சொன்னான்னு எழுதினா இந்தக் கரையில அவனுக்கு ஒரு வாய் சாப்பாடு கெடைக்காது. 'இழு'ன்னு சொன்னான்னு எழுதினா தலைநகர்ல கெடைக்காது. அந்தப் புள்ள ரெண்டு எடத்துலயும் நல்லாச் சாப்பிடணும். எழுதாத."

"அப்ப கதைக்கு முடிவு?"

"ஊர்ல எத்தன பேரு படிக்கிறாங்க ஒன் கதைய? அவங்க வாயில என்ன கொழுக்கட்டையா? அவங்கள சொல்லச் சொல்லு."

ஆகவே சொல்லுங்கள். மாடுகள் நுகத்தடியில் நிற்கின்றன. கயிறு விறைத்திருக்கிறது. நீங்கள்தான் வாசற்படியில். ஃபாபியானின் பக்கத்து நியாயமும் உங்களுக்குத் தெரியும், அக்காவின் பக்கத்து நியாயமும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. சத்தமாகச் சொல்ல வேண்டும், கடைசி ஜோடி மாட்டுக்குக் கேட்கிற மாதிரி. பேருந்தில் படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரை எச்சரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன்.

இதை அக்காவின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதி முடிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறது. எவ்வளவு கீழே என்று மட்டும் கேட்காதீர்கள்.